நாகஜோதி மிஸ் தூக்கிய கை

நாகஜோதியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எங்கள் தெருவில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் நான் சேர்த்தி இல்லை. எனக்கு அவளைப் பார்த்தால் வயிறு எரியும். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

மகாராஜபுரத்துக்காரி. அப்பா அங்கே தோப்புக் குத்தகை எடுத்திருக்கிறார். கல்யாணம் இன்னும் ஆகவில்லை. தினமும் கிருஷ்ணன்கோவிலில் பஸ் மாறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் ராஜபாளையம் ரோட்டோரம் இருக்கிற எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். என் மகள் தர்ஷிகா படிக்கும் இரண்டாம் வகுப்புக்கு அவள்தான் டீச்சர். மைதானத்தில் கோலப்பொடியால் ரோடு போடுவாள். ஒரு பிள்ளை பஸ், ஒரு பிள்ளை லாரி, ஒரு பிள்ளை நடுரோட்டில் படுத்த மாடு. மற்ற பிள்ளைகள் பார்த்துக் கடக்க வேண்டும். மாடாகப் படுக்கத்தான் அங்கே அடிதடி. சாயங்காலம் கடைசிப் பிள்ளை ரோட்டைத் தாண்டாமல் தன் பஸ்ஸில் ஏற மாட்டாள். பஸ் போனாலும் போகட்டும் என்று நிற்பாள். அதையும் சொல்லத்தானே வேண்டும்.

என் வீட்டில்தான் அவளால் பெரிய ரோதனை.

"எம்மா, ரோட்டுப் பக்கம் நீ வா, நான் உள்பக்கம் வாரேன். மிஸ் சொன்னாக."

"எப்பா, ஹெல்மெட்ட தலையில போடுங்க, வண்டிக் கண்ணாடியில மாட்டாதீங்க. மிஸ் சொன்னாக."

நான் தொண்டை கிழியக் கத்தினால் ஒரு டம்ளர் பால் குடிக்காது. மிஸ் சொன்னதென்றால் பாகற்காயைக்கூட மென்று விழுங்கும். பத்து மாதம் சுமந்தவள் நான், நேற்று வந்தவள் அவள். "எம்புட்டு நல்ல டீச்சரு, அதுக்குப் போயி பொறாமப்படுதியே!" என்று என் வீட்டுக்காரர் மாரீஸ்வரன் வேறு சிரிப்பார். அவருக்கென்ன, அவர் பெற்றாரா? ஒரு தடவையாவது என் பிள்ளை அவள் பேச்சைத் தள்ளிவிட்டு என் பேச்சைக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஒருநாள் மில்லில் ஷிப்ட் முடிந்து சீக்கிரம் வந்தவள் பள்ளிக்கூட கேட்டில் நின்று எட்டிப் பார்த்தேன். பிள்ளைகளைப் பார்த்து நின்று, "ரோட்டக் கடக்குமுன்ன முதல்ல வலது பக்கம் பாக்கணும். எங்க, வலது கையத் தூக்குங்க!" என்று தானும் ஒரு கையைத் தூக்கினாள். முந்தானை கிடந்த தோள்பக்கக் கை. இடது கை! அடிப்பாவி, இவளுக்கு வலது எது இடது எது என்றே தெரியவில்லையே! ஆனைக்கு ஒரு காலம் என்றால் பூனைக்கு ஒரு காலம் வராமலா போகும்?

மறுநாள் காலை தலை பின்னும்போதே ஆரம்பித்துவிட்டேன்.

"ஏட்டி, ஒங்க மிஸ் கைய மாத்திக் காட்டுதாக. வகுப்புல நீ தூக்குத கைப்பக்கம் பாக்காத, மறுபக்கம் பாரு. அம்மா சொல்லுதேன்."

பிள்ளை செத்த நேரம் யோசித்தது. பிறகு தலையை ஆட்டியது. எனக்கு அன்றைக்குத் தீபாவளிதான்.

பள்ளிக்கூடத்துக்கு எதிரே வந்து நின்றோம். எதிர்ப்பக்கம் நாகஜோதி பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை எப்போதும் தானே பார்த்துச் சொல்லும். அன்றைக்கும் அதையே விட்டேன். நான் ரோட்டையா பார்த்தேன்? அவள் மூஞ்சியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வாம்மா, போலாம்" என்று தர்ஷிகா என் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு ரோட்டில் இறங்கியது.

வலது பக்கமிருந்து வந்த பைக் கிறீச்சென்று அரைவட்டம் போட்டுச் சாய்ந்தது. பிள்ளை பயந்து விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டது. பைக்காரன் என்னை வாய்க்கு வந்தபடி ஏசினான். நாகஜோதி ஓடிவந்து பிள்ளையைத் தூக்கினாள்.

"எந்தப் பக்கம் பாத்த தங்கம்?"

"இந்தப் பக்கம் மிஸ். அம்மாதான் மாத்திப் பாக்கச் சொன்னா."

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்கதான டீச்சர் இடது கையத் தூக்கிட்டு வலதுன்னு சொல்லிக் குடுத்தீக!"

அவள் கோபப்படவில்லை. "பிள்ளைக என்னய எதிர்க்கப் பாத்து நிக்குதுகக்கா. நான் வலதத் தூக்குனா அதுக என் கைக்கு நேரா இருக்குத இடதத் தூக்கிரும். அதான் நாங்க மாத்தித் தூக்குவோம். சின்ன வகுப்பு டீச்சர்மாரு எல்லாரும் அப்படித்தான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீங்களே பிள்ளைகிட்ட சொல்லிருங்கக்கா. நான் சொன்னா அம்மாவத் தப்பு சொன்ன மாதிரி ஆயிரும்."

நாலு வார்த்தை ஏசியிருக்கலாம் அவள். ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். ஏசவுமில்லை, பாவி.

நான் குத்தவைத்து உட்கார்ந்து தர்ஷிகாவின் முட்டியில் ஒட்டிய மண்ணைத் துடைத்தேன்.

"ரோட்டுல மிஸ் சொன்னபடியே பாரு தாயி. அம்மா சொன்னதக் கேக்காத. அது தப்பு."

"சரிம்மா" என்றது பிள்ளை, கண்ணைத் துடைத்துக்கொண்டு. அவ்வளவு சீக்கிரமாக என் பேச்சை அது கேட்டது அன்றைக்குத்தான்.