அம்மாவின் முகமும் காலேஜ் நம்பரும்

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை மணிக்குச் சண்முகசுந்தரி கல்லூரியை விட்டு வெளியேறினாள். படிப்பு முடிய இன்னும் ஐந்து வாரம் இருந்தது. சங்கரன்கோவிலில் ஒரு பெயிண்ட் கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தச் சமுதாயக் கல்லூரி. கீழே ஸ்கூட்டரோடு நான் நின்றுகொண்டிருந்தேன். அவள் படி இறங்கி வந்த வேகத்திலேயே, உள்ளே பேசிப் பார்த்தது பலிக்கவில்லை என்று தெரிந்துவிட்டது.

"வண்டிய எடுட்டி," என்றாள். "செர்டிஃபிகேட்டும் வேண்டாம், ஒரு மயிரும் வேண்டாம்."

ஆறாம் வகுப்பிலிருந்து எனக்கு அவளைத் தெரியும். அவள் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அன்றுதான்.

சுந்தரிக்கு ஊர் குருவிகுளத்துக்குப் பக்கம். மழையை நம்பிய கரிசல் காடு. உளுந்தும் மக்காச்சோளமும் போடுவார்கள். அப்பா வெள்ளத்துரை, அம்மா கோமதித்தாய். பி.ஏ. முடித்துவிட்டு நான்கு வருடம் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஊரார் ஆதார் அட்டைக்கெல்லாம் லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள். வந்த இரண்டு மாப்பிள்ளைகளைத் தட்டிக்கழித்துவிட்டு, இருபத்தாறு வயதில், மல்டிமீடியா டிசைனும் டிஜிட்டல் மார்க்கெட்டிங்கும் சேர்ந்த ஓராண்டு டிப்ளமோவில் சேர்ந்தாள்.

வகுப்பில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், அதில் ஓடுவது ஏழு. ஆசிரியர் பேச்சிராஜா அதற்கு முன்னால் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருந்தவர். சடங்கு வீட்டு பேனரில் தாய்மாமன்மார் முகத்தை எப்படி வெளுப்பாக்குவது என்பதையே முதல் மாதம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே செய்தார்கள். சுந்தரி அதிலும் ஒன்றைக் கற்றுக்கொண்டாள்: முகத்தில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்க்க.

ஆகஸ்டில் ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். ஏதாவது ஒரு பொருளுக்கு இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி ஆறு மாதம் நடத்த வேண்டும். மற்ற மாணவர்கள் பேக்கரி, நகைக்கடை என்று போனார்கள். சுந்தரி வீட்டு உளுந்தை எடுத்துக்கொண்டாள். காலை ஏழரை மணிக்கு வாசல் வழியாக வெயில் உள்ளே சாயும்போது அம்மாவை உட்காரவைத்து, சொளவில் உளுந்து புடைப்பதைப் படம் பிடித்தாள். கேமரா முன்னால் எப்படி இருக்க வேண்டும் என்று கோமதித்தாய்க்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக்காரியிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"பாத்துக்கோங்க தாயி. இதுல ஒரு கல்லு இருந்துச்சுன்னா எங்கிட்ட வந்து சண்ட போடுங்க. வீட்லதான் இருப்பேன்."

ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.

அந்தப் பக்கத்தைத் தொடங்கிய நாளில்தான் தப்பு நடந்தது. பக்கம் தொடங்க ஒரு போன் நம்பர் வேண்டும். வெள்ளத்துரை ஒத்துக்கொள்ளவில்லை.

"பொம்பளப்பிள்ள நம்பர ஊரு ஒலகத்துக்கெல்லாம் போடவா? நாளைக்கு எவன் எவனோ கூப்புடுவான். யாரு பதில் சொல்லுதது?"

"எதுக்கு அண்ணாச்சி கவலைப்படுதீய?" என்றார் பேச்சிராஜா போனில். "காலேஜ் நம்பரப் போட்டுருவோம். ஆபீஸ் போன்தான். ஓடிபி வந்தா நானே பிள்ளைக்குச் சொல்லிருதேன்."

வெள்ளத்துரைக்கு மனசு நிறைந்துவிட்டது. அடுத்த வாரம் பஸ் ஏறிக் கல்லூரிக்கே போய், ஒரு பை உளுந்து கொடுத்து நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

சுந்தரி என்னிடமும் கேட்டாள். அப்போது நான் வியட்நாமில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன். தனியாக ஐந்து நாடு சுற்றியவள். என் நம்பர் எத்தனை விடுதிப் பதிவேடுகளில் கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. அப்படிப்பட்ட நான் அவளுக்குச் சொன்னது இதுதான்: "காலேஜ் நம்பரையே போட்டுருட்டி. எதுக்கு வம்பு?" இதை எழுதும்போது முதல் கோபம் என்மேல்தான் வருகிறது.

பொங்கலுக்குள் பக்கத்தைப் பின்தொடர்ந்தவர்கள் அறுபத்திரண்டாயிரம் பேர். பொங்கல் கழிந்த வாரம், ஒரு நாள் காலையில் சுந்தரியின் பாஸ்வேர்டு வேலை செய்யவில்லை. புதிது கேட்டால் ஓடிபி அலுவலக போனுக்குப் போகும். நம்பர் யார் கையில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் கதவு திறக்கும்.

"ஹேக் ஆயிருக்கும்மா, பாப்போம்," என்றார் பேச்சிராஜா. ஆறு வாரம் அந்தப் 'பாப்போம்' ஓடியது. பக்கம் மட்டும் நிற்கவில்லை. அம்மாவின் பழைய வீடியோக்கள் தினமும் வந்தன. கீழே ஆர்டருக்கு வேறொரு நம்பர். வடக்கே எவனோ திருடிவிட்டான் என்று நினைத்து சுந்தரி அழுதாள். பிப்ரவரியில் நான் ஊர் திரும்பியபோது என்னிடமும் அப்படித்தான் சொன்னாள். நானும் நம்பினேன்.

மார்ச் முதல் வாரம் கோமதித்தாய் பட்டா விஷயமாகத் திருவேங்கடம் தாலுகா ஆபீஸுக்குப் போனார். திரும்பும்போது பஸ் நிறுத்தத்தில் ஒரு பெண் வழிமறித்தாள்.

"நீங்க அந்த உளுந்தம்மாதான?"

கோமதித்தாய் கூச்சத்தோடு சிரித்தார். அந்தப் பெண் கூடைப் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து நீட்டினாள்.

"கல்லு இருந்தா சண்ட போடுங்கன்னு சொன்னீயள்லா? இந்தா, போடுதேன். எங்க மாமியாருக்குப் பல்லு போச்சு. கட்டுன பல்லுதான். ஆனாலும் அதுக்குத் துட்டு யாரு குடுப்பா?"

பாக்கெட்டின் மேல் கோமதித்தாயின் முகம். அதற்குக் கீழே அவர் சொன்ன அதே வாக்கியம். பின்பக்கம், அவர் கேள்விப்பட்டேயிராத ஒரு கம்பெனியின் பெயர்.

"இது எங்க உளுந்து இல்லம்மா."

"அப்ப இது யாரு மூஞ்சி? எம் மூஞ்சியா?"

பஸ் நிறுத்தமே வேடிக்கை பார்த்தது. ஒருவன் போனை எடுத்துப் படம்கூடப் பிடித்தான். ஐம்பது வயதுவரை ஒரு படி தானியத்துக்காக யாரிடமும் பேச்சு வாங்காத மனுஷி, அந்தப் பாக்கெட்டோடு வீட்டுக்கு வந்து அடுப்படியில் உட்கார்ந்தவர்தான். அன்று உலை வைக்கவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமைதான் சுந்தரி கல்லூரித் தாளாளர் குருநாதனின் அறைக்குப் போனது. உள்ளே நடந்ததை வண்டியில் வரும்போது என் முதுகுக்குப் பின்னாலிருந்து கத்திக் கத்திச் சொன்னாள்.

பாக்கெட்டை மேஜைமேல் வைத்திருக்கிறாள். குருநாதன் அதைத் தொடவில்லை.

"அது ப்ராஜெக்ட் பேஜும்மா. ப்ராஜெக்ட் காலேஜுக்குச் சொந்தம். கம்பெனிக்காரங்க கேட்டாங்க, குடுத்துட்டோம். ஒனக்கு நல்ல மார்க் போடச் சொல்லிருக்கேன்."

"எங்கம்மா மூஞ்சியும் ப்ராஜெக்டா சார்?"

"நம்பர் யாரு நம்பர்? காலேஜ் நம்பர். ஒங்கப்பாவே வந்து நன்றி சொல்லிட்டுப் போனாரே."

பேச்சிராஜா பீரோ ஓரமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், நீங்க சொல்லுங்க. ஹேக்குன்னு சொன்னீங்கள்லா?"

"சுந்தரி, சத்தம் போடாத. ஐயா இருக்காங்க."

"மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வகுப்புக்குப் போ," என்றாராம் குருநாதன். "இல்லன்னா செர்டிஃபிகேட்ட மறந்துரு."

"எதுக்கு சார் மன்னிப்பு?"

"கொரல ஒசத்துனதுக்கு."

திருடியது அவர்கள். மன்னிப்புக் கேட்க வேண்டியது இவள், அதுவும் சத்தமாகப் பேசிவிட்டாள் என்பதற்காக. நான் போன தேசங்களிலெல்லாம் ஏமாந்திருக்கிறேன். எந்த ஊர் ஏமாற்றுக்காரனும் என்னை மன்னிப்பு எழுதித் தரச் சொன்னதில்லை.

போலீஸில் புகார் கொடுக்கப் போனோம். முதல் கேள்வியே, "நம்பர் யாரு பேர்ல இருக்கு?" அதற்குப் பதில் சொன்னபிறகு, கோமதித்தாயின் முகத்தைப் பற்றி யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு ரசீது கொடுத்தார்கள். அது இன்னும் சுந்தரியிடம் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை காலையில் அவள் அம்மாவை மறுபடி வாசலில் உட்காரவைத்தாள். வெள்ளத்துரை உள்ளேயிருந்து, "போதும்ட்டி, பட்டது போதாதா?" என்று சத்தம் போட்டார். கோமதித்தாய் அந்தக் கம்பெனி பாக்கெட்டைச் சொளவில் கொட்டினார். கல்லை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தரையில் வைத்தார். பதினேழு கல். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"இது என் உளுந்து இல்ல. மூஞ்சி மட்டுந்தான் எனக்குள்ளது. அத யாருக்கும் நான் குடுக்கல."

புதிய பக்கம், சுந்தரியின் சொந்த நம்பர். வீடியோ முடிவில் அந்த நம்பரைத் திரை நிறையப் போட்டாள்.

வெள்ளத்துரை சொன்னதும் நடக்காமலில்லை. எவன் எவனோ கூப்பிட்டான். "ஹாய்", "சாப்டாச்சா", "வாய்ஸ் நல்லாருக்கு". முதல் இரண்டு நாள் சுந்தரி போனைக் கவிழ்த்து வைத்தாள். மூன்றாம் நாள் கோமதித்தாய் அதை வாங்கிக்கொண்டார்.

"யாருலே நீ? உளுந்து வேணுமா, வேண்டாமா? வேணும்னா ஊரு பேரு சொல்லு. வேண்டாம்னா ஒங்கம்மாட்ட குடு, நான் பேசுதேன்."

ஒருவன் உண்மையிலேயே பயந்து இரண்டு கிலோ ஆர்டர் போட்டான்.

வெள்ளத்துரை பத்து நாள் மகளிடம் பேசவில்லை. பதினோராம் நாள் பார்சல் கட்டச் சாக்கு ஊசியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். தான் அந்தக் கல்லூரிக்குப் போய் நன்றி சொன்னதைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறக்கவில்லை.

இதில் வெற்றிக் கதை எதுவும் இல்லை. பழைய பக்கம் இன்னும் அவர்கள் கையில்தான் இருக்கிறது. அதில் கோமதித்தாய் இன்னும் சிரித்துக்கொண்டு எவனுடைய உளுந்தையோ விற்கிறார். புதிய பக்கத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேர். சுந்தரியிடம் செர்டிஃபிகேட் இல்லாததால் திருநெல்வேலியில் ஒரு விளம்பர நிறுவனம் நேர்முகத் தேர்வோடு அனுப்பிவிட்டது. இப்போது இளையரசனேந்தல், குருவிகுளம் பக்கத்துப் பெண்களுக்கு வீடியோ எடுத்துக் கொடுக்கிறாள். வீட்டு ஆண்களின் நம்பரைக் கொடுத்தால் கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவாள். அதனால் பாதி வேலை கைவிட்டுப் போகிறது. போகட்டும் என்கிறாள்.

2025 மே மாதம், அவள் படியிறங்கிப் பதினான்கு மாதம் கழித்து, அவளுடைய நம்பருக்குக் கல்லூரி அலுவலக போனிலிருந்து ஒரு வாட்ஸ்அப் வந்தது. ஒரு வார்த்தையும் சேர்க்காமல் அதை அப்படியே எனக்கு அனுப்பினாள்.

"அன்பு மாணவி சண்முகசுந்தரிக்கு வணக்கம். தங்கள் புதிய பக்கத்தைக் கண்டோம். கல்லூரி பெருமை கொள்கிறது. இந்த ஆண்டு சேர்க்கை விளம்பரத்தில் 'எங்கள் மாணவி' பகுதியில் வெளியிடத் தங்கள் புகைப்படம் ஒன்றை உடனே அனுப்பவும். அம்மாவும் உடன் இருந்தால் சிறப்பு. முகம் தெளிவாகத் தெரிய வேண்டும்."