குணாவுக்கு நான் போட்ட ஒன்பது டிக்

ஸ்டோர் கதவைத் திறந்ததும் முதலில் வருவது ரப்பர் வாசனை. அடைந்து கிடந்த பந்துகளின் வாசனை... காலை ஆறே கால். மழையில் நனைந்த சிமெண்டுத் தளத்தில் முதல் பந்து விழும் அந்தச் சத்தம் இருக்கிறதே! இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

நேற்று பழைய மாணவர்கள் குழுவில் யாரோ எங்கள் கூடைப்பந்து அணியின் படத்தைப் போட்டுவிட்டார்கள். கீழே ஒரே சண்டை. கோச் அந்தோணி கொடுமைக்காரர் என்கிறான் ஒருவன். அவர் இல்லாவிட்டால் அணியே இல்லை என்கிறான் இன்னொருவன்.

என்னை ஒருவரும் கேட்கவில்லை. படத்தின் ஓரத்தில் ரிஜிஸ்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேனே, அது யாராம்? சரி... தீர்ப்பை நானே சொல்கிறேன்.

சிங்கப்பூரின் கிழக்கே, தெம்பனிஸில் இருந்த அந்தக் கல்லூரியில் நான் விளையாட்டு ஸ்டோர் பார்த்தவன். படித்தது தொடக்கப்பள்ளி வரைதான். கூடைப்பந்து விதிகளை, பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாக நானே படித்தேன். அந்தோணி வருவதற்கு முன் ஆறு வருடம் அணியைத் தேர்ந்தெடுத்தது நான். ஆசிரியர்கள் கையெழுத்து மட்டும் போடுவார்கள். என் வழி சுலபம்... கல்லூரி திறக்கும் நாளில் வாசலில் நின்று, உயரமானவர்களைப் பிடித்துவிடுவேன்.

ஒவ்வொரு வருடமும் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். அது வேறு விஷயம்.

முதல் ஆட்டத்துக்கு நாலு வாரம் இருக்கும்போது அந்தோணி வந்தார். தேவாலய இளையர் அணியைப் பழக்கியவர். என்னைவிடப் பத்து வயது இளையவர்.

"அண்ணே, காலையில பந்தை எடுக்காதீங்க. சாயங்காலம் மட்டும் போதும்."

"பந்து இல்லாம என்ன தம்பி பண்ணப் போறீங்க? கபடியா?"

"ஓட்டந்தான். ஆறரைக்கு வரணும். நாலு வாரம், இருபது நாள். ஒரு நாள் விட்டாலும் மேட்ச்ல பெஞ்சுதான். காலையில நான் இருக்க மாட்டேன், நீங்க டிக் போடுங்க, நான் அதைத்தான் பார்ப்பேன்."

வருகை ரிஜிஸ்டரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு வந்த கோபம்! ஏனென்றால் குணா தீவின் வடக்குக் கோடியில், ஈசூனில் இருந்தான். ஆறடி மூன்று அங்குலம். நான் வாசலில் பிடித்த பையன்களிலேயே உயரமானவன். அங்கிருந்து பஸ் மாறி வந்து சேரப் பல நாள் ஏழு மணி ஆகிவிடும். பக்கத்துப் பிளாக்கில் இருப்பவனுக்கும் ஈசூன்காரனுக்கும் ஒரே சட்டமா? அந்தோணியிடம் மூன்று முறை சண்டை போட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "வர்றவன் வந்துடுவான்ண்ணே" என்றார்.

அவன் ஓட்டத்துக்கு வராத நாளிலும் நான் டிக் போட்டேன். இருபது நாளில் ஒன்பது நாள். நியாயம் என் பக்கம் என்றே நினைத்தேன்.

ஆட்டத்தன்று எதிரில் போன வருடத்துச் சாம்பியன்கள். நம் பக்கம் ஐந்து குட்டையன்கள்! வேகமாக ஓடுகிறவர்களை முதலில் இறக்கிவிட்டு, குணாவை மாற்று ஆளாக உட்காரவைத்திருந்தார் அந்தோணி. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால்... என்ன ஓட்டம் ஓடினார்கள் தெரியுமா? பந்து எங்கே போனாலும் அங்கே இரண்டு பேர். எதிரணியால் பாதித் தளத்தைத் தாண்ட முடியவில்லை. நான் நாற்காலியில் உட்காரவே இல்லை. கடைசிக் கட்டத்தில் சமநிலை!

வளையத்தடியில் அவர்களுடைய உயரமான பையன்தான் எல்லாப் பந்தையும் பிடித்தான். அந்தோணி என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, குணா இருபது நாளும் வந்தானா?"

"புக்கைப் பாருங்க. எல்லாம் டிக்."

புத்தகத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். "நீங்க சொன்னா சரி."

குணா இறங்கினான். இறங்கியதும் ஒன்று போட்டான். அடுத்து இன்னொன்று! ரிஜிஸ்டரை மேலே தூக்கி எறிந்தேன்... அது யார் தலையில் விழுந்ததோ தெரியாது.

கடைசி நிமிடத்தில் மற்ற நாலு பேரும் தடுக்கத் திரும்பி ஓடினார்கள். குணா நடுத்தளத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். மூச்சு இல்லை. அவன் தடுக்க வேண்டிய பையன் தனியாக ஓடிப் போய்ப் பந்தைப் போட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

"தப்பு என்னுது. ஆளை மாத்துனது நான்தான்" என்று பிள்ளைகளிடம் சொன்னார் அந்தோணி. என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஸ்டோர் வாசலில் குணா நின்றான்.

"எப்படிடா வந்த?"

"அத்தை வீடு இங்கதான் அங்கிள். நேத்து அங்க படுத்துக்கிட்டேன்."

"அட மடையா, இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல?"

"எதுக்கு அங்கிள்? நீங்கதான் டிக் போட்டுட்டீங்களே."



அடுத்த வருடம் அதே அணியை, அதே தளத்தில் எட்டுப் புள்ளியில் அடித்தோம்! கடைசி நிமிடத்திலும் ஓடிக்கொண்டிருந்தவன் குணா. தொண்டை கிழியக் கத்தி, மூன்று நாள் எனக்குப் பேச்சு வரவில்லை. என் மனைவி நிம்மதியாக இருந்தாள்.

இப்போது கல்லூரியில் கைபேசியைக் காட்டினால் வருகை தானாகப் பதிவாகிவிடுகிறதாம். என்னைப் போன்றவன் கள்ள டிக் போட வழியில்லை. நல்லதுதான் லா... ஆனால் முகத்தைப் பார்த்து "நீங்க சொன்னா சரி" என்று யாரும் சொல்லவும் வேண்டியதில்லை.

அந்தோணி தம்பி, தேக்கா சந்தையில் டீ குடிக்கும்போதெல்லாம் அந்தத் தோல்வி உங்கள் தப்பு என்பீர்கள். நான் பேச்சை மாற்றி இன்னொரு டீ சொல்வேன். இத்தனை வருடம் கழித்து இங்கே எல்லார் முன்னாலும் சொல்கிறேன்... ஒன்பது டிக் பொய். நீங்கள் அணியைக் கட்டிய விதம் சரி. என் விதம் தப்பு.

ஆனால் ஆறரை மணி ரொம்ப சீக்கிரம். எல்லாப் பிள்ளைக்கும் தெம்பனிஸில் அத்தை இருக்க மாட்டாள். அதில் நான் இறங்கி வரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், பேசித் தீர்ப்போம்.