ஓர் ஆளுக்கான குக்கர்

ஒரகடம் தொழிற்சாலையில் எனக்குப் பகல் ஷிஃப்ட், என் கணவருக்கு இரவு ஷிஃப்ட். கல்யாணமாகி நான்கு வருடமாக அவரவர் பசிக்கு அவரவர்தான் சமைத்துக்கொள்வோம். முதல்முறையாக, படுக்கவும் சமைக்கவும் வசதியுள்ள வாடகை கேம்பர் வேனில் ஏலகிரி போவதற்காக, இடத்தை அடைக்காத குட்டி குக்கர் ஒன்றை ஆசையாகத் தேடி வாங்கினேன்.

ஏரிக்கரையில் வேனை நிறுத்திச் சமைத்தேன். மூடியைத் திறந்த கணவர், "இன்னாமா, ஒரு ஆளுக்குத்தானே சோறு கீது?" என்றார். கடையில் அதைக் கையில் எடுத்தபோது, சாப்பிடப்போவது இரண்டு பேர் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அழுதுவிட்டேன். வீட்டிலிருந்து தட்டு எடுத்து வந்தது அவர். பையைத் திறந்து காட்டினார். அதிலும் ஒரே தட்டுதான்.

எங்கள் ஷிஃப்ட் இன்னும் மாறவில்லை. ஆனால் இப்போதெல்லாம் காலையில் இருவருக்கும் சேர்த்தே சோறு வைத்துவிட்டுப் போகிறேன். மாலை நான் திரும்பும்போது அவர் வேலைக்குக் கிளம்பியிருப்பார். அவர் கழுவிய தட்டு என் தட்டின் மேல் கவிழ்ந்திருக்கும்.