அப்பாவின் பதினைந்து நிமிடப் படம்

அப்பாவுக்கு எழுபத்தைந்து முடிகிற அன்று சொந்தபந்தங்களைக் கூப்பிட்டு விருந்து வைக்க வேண்டும், விருந்தில் அவருடைய வாழ்க்கையைப் படமாகத் திரையில் காட்ட வேண்டும் என்று துபாயில் இருந்தபடியே அண்ணன் முடிவு செய்தான். செய்ய வேண்டியவள் நான். பஞ்சாயத்து ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவளுக்கு இது என்ன பெரிய விஷயம் என்று நினைத்தான். நான் அங்கே அடிப்பது பிறப்புச் சான்றிதழ். அதைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்? பதினைந்து நிமிடம், அதற்கு மேல் ஒரு நொடி கிடையாது என்று மட்டும் சொல்லி ஒப்புக்கொண்டேன்.

அண்ணன் அனுப்பிய படங்களில் முக்கால்வாசி அவன் வீட்டுக் கிரகப்பிரவேசம். எல்லாவற்றிலும் மாடிப்படி தெரிந்தது. அப்பா எங்கோ ஓரத்தில் கையில் தட்டோடு நின்றார். மீதிக்கு நான் அப்பா அம்மா இருக்கும் நல்லேப்பிள்ளிக்குப் போனேன். அம்மா ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வைத்தாள். உள்ளே போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் அப்பளக் கட்டு மாதிரி இருந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிரித்து ஸ்கேன் பண்ண, அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். இதில் கண் மூடியிருக்கிறது, வேண்டாம். இதில் வேட்டி அழுக்கு, வேண்டாம். டிராக்டர் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு படம் மட்டும் அவருக்குப் பிடித்திருந்தது.

"இத மொதல்ல போடு அம்மிணி. இந்தப் பக்கத்துல மொத டிராக்டர் நம்முளுதுதான்."

அம்மா அடுப்படியிலிருந்தே சொன்னாள். "அது பக்கத்துத் தோட்டத்துக்காரருதுங்க. நீங்க ஏறி உக்காந்து போட்டோப் புடிச்சீங்க, அவ்வளவுதான்."

"ஓட்டினனா இல்லையா?"

"ஓட்டலீங்க."

இப்படியே மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அடுக்கிப் பார்த்தபோது நடுவில் நான்கு வருடத்துக்கு ஒரு படம்கூட இல்லை. எனக்குக் காரணம் தெரியும். நான் கைக்குழந்தையாக இருந்தபோது தொடர்ந்து மழை பொய்த்து, கிணறு வற்றி, அப்பா இடுக்கியில் ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை இன்னொருவருடைய கொழுந்து மூட்டையைத் தூக்கியது அவருக்கு இன்றுவரை அவமானம். குளிரில் பட்ட பாட்டை மட்டும் நாங்கள் சாப்பாட்டில் மிச்சம் வைக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுவார். படத்தில் என்ன போடுவது என்று கேட்டேன்.

"அந்த எடத்துல ஏதாச்சும் மல, மேகமுன்னு காட்டிப்போட்டுத் தாண்டிப் போயிரு."

நான் தாண்டிப் போயிருக்க வேண்டும். டின்னின் அடியில் ஒரு கல்யாணப் பத்திரிகை கிடந்தது, அவரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவருடைய மகள் கல்யாணம். அதிலிருந்த நம்பருக்குக் கூப்பிட்டுத் தொலைத்தேன். "ஒங்கப்பா படம் எங்கிட்ட இல்லம்மா, ஆனா கேசட்டு இருக்கு, நேர்ல வாங்க" என்றார் அவர். ஒரு நாள் லீவு போட்டு பஸ் மாறி மாறி மலை ஏறினேன். எஸ்டேட் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று, அவர் வீடு. கறுப்புத் தேநீர் கொடுத்து, துணியில் சுற்றிய ஒரு வீடியோ கேசட்டை எடுத்து வந்தார்.

"கோயில் கொடைக்கு நாடகம் போடுவோம்லா. ஒங்கப்பாதான் பொம்பள வேசம். அவரு மேடையில அழுதாருன்னா கொழுந்து பறிக்கிற சனம் அம்புட்டும் அழுதுரும். ஒருக்கா மேனேஜர் ஆள வச்சு வீடியோ எடுத்தாரு. ஒங்க வீட்ல சொல்லலியா?"

சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கேசட்டில் பூஞ்சை பிடித்திருந்தது. பாலக்காட்டில் ஒரு கடைக்காரர் இரண்டு வாரம் இழுத்தடித்து, தேறியதைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். இருபத்திரண்டு நிமிடம். நல்லேப்பிள்ளி வீட்டு டிவியில் செருகினேன். கோடு கோடாக ஓடி, பிறகு மேடை வந்தது. சிவப்பில் மஞ்சள் கட்டம் போட்ட சேலையில், கொண்டை வைத்து, அப்பா. கைக்குழந்தையாக ஒரு துணி மூட்டையை அணைத்துக்கொண்டு விம்மினார்.

அப்பா கத்துவார் என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். அவர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். உதடு வசனத்தோடு சேர்ந்து அசைந்தது. "இங்க ஒரு வரி விட்டுட்டேன்" என்றார் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, இத முழுசாப் போட்டர்லாம். கலியாணப் போட்டோவெல்லாம் எதுக்கு? எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதான."

அம்மா எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போனாள்.

"நா இங்க ரெண்டு கொழந்தைகள வெச்சுட்டு, தண்ணிக்கு மைல் கணக்குல நடந்துட்டிருந்தனுங்க. நீங்க அங்க குளுருல சாகறீங்கன்னு நெனச்சு ராவெல்லாம் அழுதனுங்க. நீங்க சீலை கட்டி ஆடிட்டு இருந்தீங்களா?"

"வருசத்துக்கு ஒருக்காத்தான்."

அம்மா இன்னும் குனிந்து பார்த்தாள். "இது என்ர சீலைங்க."

அப்பா என் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தார்.

"எங்கம்மா ஊட்டுல எடுத்துக் குடுத்த சீலை. ஏனுங்க, இது எப்படி அங்க வந்துது?"

"குளுருக்குப் போத்திக்க எடுத்துட்டுப் போனது. மேடையில சாயம் பட்டுப்போச்சு. அப்புறம் வந்து என்னன்னு சொல்றது?"

அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அந்தச் சேலை காணாமல்போனபோது அம்மா சந்தேகப்பட்டது அத்தையை, அப்பாவின் தங்கையை. பிரசவத்துக்கு வந்திருந்த அத்தையிடம் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டாள். அதன் பிறகு கல்யாணம், இழவு தவிர அத்தை இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. அப்பா இத்தனை வருடம் தங்கையின் முகத்தையும் மனைவியின் முகத்தையும் பார்த்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் லேப்டாப்பை மூடிவிட்டு வெளியே போய் நின்றேன்.

அன்றிலிருந்து அப்பா நாடகத்தைப் போடு என்றார். அம்மா போட்டால் விருந்துக்கே வரமாட்டேன் என்றாள். அண்ணன், மாடிப்படி வந்ததா என்று கேட்டு மெசேஜ் அனுப்பினான். ஒரு வாரம் கழித்து அம்மா போனில், "எலப்புள்ளி வரைக்கும் என்னக் கூட்டிட்டுப் போ" என்றாள்.

எலப்புள்ளியில் அத்தை தன் வீட்டு முற்றத்தில் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். உட்காரச் சொல்வதற்கு முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தச் சீலை கெடச்சுருச்சு."

எந்தச் சேலை என்று அத்தை கேட்கவில்லை. "எங்கீங்க இருந்துது?"

"உங்கண்ணன் கட்டியிருந்தாரு."

நான் போனில் எடுத்துக் காட்டினேன். அத்தை முதலில் சிரித்தாள். மிளகாய்க் கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டு எரிச்சலில் துடித்தாள். முகம் கழுவி வந்தபோது சிரிப்பு இல்லை.

"அன்னைக்கு எம் புள்ள மேல சத்தியம் பண்ணினேன் அண்ணி."

"பண்ணினே."

"நீங்க நம்பல."

"நம்பல," என்றாள் அம்மா. "தப்புத்தான்."

அத்தை என் பக்கம் திரும்பினாள். "நாலு பேரு முன்னால கேட்டாங்க. நாலு பேரு முன்னால காட்டோணும். சீலை பெருசாத் தெரியறாப்புல காட்டு கண்ணு."

அம்மா சரி என்று தலையாட்டினாள். ஆக, எனக்கு இன்னொரு முதலாளி. அப்பாவுக்கு வசனம் முழுக்க வேண்டும், அத்தைக்குச் சேலை வேண்டும், அண்ணனுக்கு மாடிப்படி வேண்டும். நான் நாடகத்தை நான்கு நிமிடமாக வெட்டினேன். சேலை தெளிவாகத் தெரியும் இடத்தில் படத்தை அப்படியே பத்து நொடி நிறுத்தினேன்.

விருந்தன்று மண்டபத்தில் அப்பாவைச் சேலையில் பார்த்ததும் சிறுசுகள் விசில் அடித்தன. படம் நின்ற இடத்தில் முன்வரிசையில் இருந்த அத்தை திரும்பி அம்மாவைப் பார்த்தாள். அம்மா எழுந்து நின்றாள். மைக் இல்லாமலே பின்வரிசை வரை கேட்டது.

"அது என்ர சீலைங்க. இவ எடுக்கலீங்க. நாந்தான் அநியாயமாச் சொல்லிப்போட்டேன்."

பாதிப் பேருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிய கிழவிகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலை குனிந்துகொண்டார். அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு திரையின் பக்கம் திரும்பினாள். சாப்பாட்டுப் பந்தியில் அம்மாவுக்குப் பக்கத்து இலையில்தான் உட்கார்ந்தாள். பேசிக்கொண்டார்களா என்று எனக்குத் தெரியாது. நான் புரொஜக்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் நன்றி சொல்லத்தான் அப்பா கூப்பிடுகிறார் என்று நினைத்தேன்.

"அழுவற எடத்துல வெட்டிப்போட்டியே அம்மிணி," என்றார். "அதுக்கப்புறந்தான் நல்ல வசனம்."