மடக்கி வைத்த கால்கள்

எங்கள் மட்டாஞ்சேரி வீட்டுச் சுவரில் மாமாவுக்கு முழங்காலுக்குக் கீழே கால் கிடையாது. ஒரு பெரிய வெள்ளைக் காரின் மேல் முழங்கையை ஊன்றி, சிரிப்பதா வேண்டாமா என்ற யோசனையோடு நின்றுகொண்டிருப்பார். முழங்காலோடு சட்டம் முடிந்துவிடும். வீட்டில் இருந்த மற்ற படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை, ஸ்டுடியோவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களின் படங்கள். மாமா மட்டும் கலரில் இருந்தார். அவருக்குப் பின்னால் தெரிந்த வானம்கூட எங்கள் ஊர் வானம்போல எந்நேரமும் ஒழுகக் காத்திருக்காமல் பளிச்சென்று இருந்தது.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. எழுபதுகளின் கடைசியில் ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குக் கிளம்பியபோது அவரும் போனார். அப்பாவுக்கு மிளகுக் கிடங்கில் எடைபோடும் வேலை. மாமா போன பிறகுதான் எங்கள் வீட்டின் உடைந்த ஓடுகள் மாறின, மழைக்காலத்தில் தரையெல்லாம் பாத்திரம் பரப்பி வைப்பது நின்றது. விடுமுறைக்கு ஊர் வந்த ஒருவர் கையில்தான் அந்தப் படத்தைக் கொடுத்தனுப்பியிருந்தார். அப்போது படம் முழுசாக இருந்தது. காற்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, செருப்பில்லாமல், ஈரத் தரையில் நின்றிருந்தார். காலடியில் ஒரு நீல வாளி, அதன் விளிம்பில் பிழிந்து போட்ட துணி. நன்றாக இருக்கிறேன், வேலை இருக்கிறது என்று அக்காவுக்குக் காட்ட அனுப்பிய படம் அது. அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்ததெல்லாம் நாங்கள்.

படத்துக்குச் சட்டம் போட அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். வாளியின் மேல் விரலை வைத்து, "இது தெரிய வேண்டாம்" என்றாள். கடைக்காரர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தாழத்துப் பாகம் முறிச்சுக் களஞ்சா மதி சேச்சி" என்று கீழ்ப்பாகத்தை வெட்டிப் போடக் கத்திரியை எடுத்தார். அம்மா சட்டென்று அவர் கையிலிருந்து படத்தை வாங்கிக்கொண்டாள்.

"உசுரோட இருக்கறவன் படம். கத்திரி படக்கூடாது. பின்னால மடக்கி வைங்க, போதும்."

எங்கள் வீடுகளில் அது வழக்கம். உயிரோடிருப்பவர் படத்தை வெட்ட மாட்டார்கள், கிழிக்க மாட்டார்கள். வெளிறிப்போனால்கூடப் பெட்டியின் அடியில்தான் போட்டு வைப்பார்கள். தம்பியின் ஆயுசுக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் அம்மாவுக்கு அவ்வளவு அக்கறை. அவனுடைய வேலையைத்தான் பார்க்கப் பிடிக்கவில்லை.

அன்றிலிருந்து வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் அந்தப் படத்தைப் பார்க்காமல் சாயா குடித்துவிட்டுப் போனதில்லை. அம்மா பொய் சொல்லவில்லை. "தம்பி வண்டியோட நிக்கறான்" என்பாள், அவ்வளவுதான். மிச்சத்தை வந்தவர்களே சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் என் கூட்டாளிகளும் சேர்த்துக்கொண்டார்கள், நானும் வேண்டாமென்று சொல்லவில்லை. கார்க்காரர் மருமகள் என்று கேட்பதற்கு யாருக்குத்தான் கசக்கும்?

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா லீவில் வந்தார். முன்பே பேசி வைத்திருந்த பக்கத்துத் தோப்பும்படிப் பெண் வீடு இரண்டாம் நாளே மாப்பிள்ளை பார்க்க வந்துவிட்டது. பெண்ணை மாமா போகும் முன்பே ஒரு கல்யாணத்தில் பார்த்திருக்கிறார். அவருக்கு அவளை மிகவும் பிடித்திருந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அன்று காலையில் மூன்று சட்டைகளை மாற்றிப் போட்டுப் பார்த்தார்.

பலகாரம் முடிந்ததும் பெண்ணின் அப்பா நல்ல மனசோடுதான் கேட்டார். "வண்டிய அங்க யார்கிட்ட விட்டுட்டு வந்தீங்க?"

மாமாவுக்குப் புரியவில்லை. "எந்த வண்டி?"

அவர் சுவரைக் காட்டினார். மாமா அண்ணாந்து பார்த்தார். வந்த அன்றே அதைப் பார்த்து, கலர் நல்லா விழுந்திருக்கு என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனவர்தான். இப்போது நின்று பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார். அம்மா தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"அது முதலாளியோட வண்டிங்க. அவர் வீட்டுல நாலு வண்டி இருக்கு. கழுவித் தொடைக்கறது என் வேலை."

யாரும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே பெண்ணின் அப்பா என் அப்பாவிடம் சொன்னார்: "வண்டி கழுவறதுல ஒரு குறையும் இல்ல. அத மறைச்சீங்க பாருங்க, அதுக்குத்தான் யோசிக்க வேண்டியிருக்கு." அதோடு அந்தப் பேச்சு முடிந்துபோனது. எங்கள் வீட்டில் எதையும் மறைக்காத ஒரே ஆள்மேல் அந்தப் பழி விழுந்தது.

அவர்கள் போன பிறகு மாமா படத்தின் கீழே வந்து நின்றார். "அக்கா, என் கால் எங்க?" என்று கேட்டார். சண்டை போடும் குரல் இல்லை, தொலைந்த பொருளைக் கேட்கும் குரல்.

"வெட்டலடா" என்றாள் அம்மா. "உள்ளதான் இருக்கு. மடக்கித்தான் வெச்சிருக்கேன்."

மாமா தலையாட்டினார். லீவு முடிந்து போனார். அதன் பிறகு பணம் வந்தது, அம்மாவுக்குச் சேலை வந்தது, எனக்கு சென்ட் பாட்டில் வந்தது. படம் மட்டும் வரவில்லை. "ஒரு படம் எடுத்து அனுப்புடா" என்று அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிவிட்டுப் பார்த்தாள். அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. சில வருஷங்களில் அங்கேயே மாரடைப்பில் போய்விட்டார். உடல் ஊருக்கு வரவில்லை.

காரியத்துக்குப் படம் வேண்டும். வேறு படம் இல்லை. அம்மாவே சட்டத்தை இறக்கினாள். "முழுசா வைக்கணும், என் தம்பி முழுசா இருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே பின்பக்கத்து ஆணிகளைக் கத்தியால் நெம்பினாள். இத்தனை வருஷத்து மழையில் மடித்த பாகம் பின் அட்டையோடு ஒட்டிப்போயிருந்தது. அப்பா மெல்ல, மெல்ல என்று சொல்வதற்குள் அது உரிந்து வந்தது. காலும் வாளியும் அட்டையோடு போய்விட்டன. அட்டையில் கொஞ்சம் நீலம் பிசுபிசுத்தது, படத்தில் வெறும் வெள்ளைக் காகிதம். அம்மா அதற்குப் பிறகு தம்பிக்காக அழுதாளா, உரிந்துபோன அந்தக் காலுக்காக அழுதாளா என்று எனக்குத் தெரியாது.

அந்தப் படம் இப்போது எர்ணாகுளத்தில் என் வீட்டு முன்னறையில் இருக்கிறது. பெரிய சட்டமாகப் போட்டு, மடிப்புக் கோடும் கீழே இருக்கும் வெள்ளையும் தெரியும்படி மாட்டியிருக்கிறேன். போனில் ஆயிரம் படம் வைத்திருக்கும் என் மகன் ஒருநாள், "அம்மா, அந்தக் கீழ்ப்பாகத்தைக் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிடலாம், நல்ல ஷூ போட்ட கால் வெச்சுடலாம்" என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேண்டாம் என்றேன். அவர் செருப்புக்கூடப் போட்டிருக்கவில்லை என்றேன்.