வரப்பில் ஊன்றாத கால்

கடலூரில் வீடுகளுக்கு ஒயரிங் செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் ஏணி சறுக்கி, வலது குதிகால் தரையில் மோத விழுந்தேன். உடைந்த எலும்பு கூடியது, வலி போகவில்லை. போகப்போக, காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடிக்கே கண்ணில் நீர் வந்தது.

சிதம்பரத்தில் ஒரு மருத்துவமனையின் நீண்ட நடைவழியில் காத்திருந்து டாக்டரைப் பார்த்தோம். சப்டேலார் மூட்டு (கணுக்காலுக்குக் கீழே இருப்பது, பாதம் பக்கவாட்டில் சாய உதவுவது) தேய்ந்துவிட்டது, அந்த எலும்புகளை ஸ்க்ரூ வைத்து ஒன்றாக இணைத்துவிடலாம் என்றார்.

“வலி குறையும். ஆனா அந்த அசைவு திரும்ப வராது. மேடு பள்ளத்துல நடக்கக் கஷ்டமா இருக்கும்.”

“வலி போனா போதும் சார்,” என்று என்னை முந்திக்கொண்டு சொன்னாள் என் மனைவி ஸ்டெல்லா. என் முனகலால் அவளும் தூக்கம் கெட்டுக் கிடந்தாள்.

ஆபரேஷன் முடிந்து மாவுக்கட்டோடு படுத்திருந்த மாதங்களில் அவள்தான் என் காலைத் தலையணைமேல் தூக்கி வைப்பாள். வலி உண்மையிலேயே போனது. சமதரையில் நடந்தால் யாருக்கும் எதுவும் தெரியாது. ஏணி ஏறுவதை விட்டுவிட்டு, கடையில் உட்கார்ந்து மிக்சி, மின்விசிறி பழுதுபார்த்தேன். அவை நல்ல வருடங்கள். இதே சிகிச்சைக்குக் காத்திருக்கும் உங்களிடம் அதை நான் மறைக்கக் கூடாது.

பிறகு ஸ்டெல்லா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். குமராட்சிப் பக்கத்தில் அவள் பிறந்த ஊரில், அம்மாவின் அருகே புதைக்கச் சொல்லியிருந்தாள். கல்லறைக்கு வயல் வரப்பு வழியாகத்தான் போக வேண்டும். மழை பெய்து ஓய்ந்திருந்தது. பெட்டிக்கு முன்பக்கம் நான் தோள் கொடுத்தேன். வரப்பில் கால் வைத்ததும் பாதம் மண்ணோடு சாயாமல் பலகைபோல் விளிம்பில் நின்றது. பெட்டி ஆடியது.

“மாமா, வுடுங்க. அக்கா வுழுந்துடும்,” என்றான் அவள் தம்பி அந்தோணி.

“இல்ல மச்சான், நான் வரேன்.”

“சொன்னா கேளுங்க மாமா.”

அவன் தோளை நுழைத்துக்கொண்டான். விலகி நின்றேன். அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் கடைசியாக வந்து சேர்ந்தபோது, பாதிரியார் ஜெபத்தைத் தொடங்காமல் எனக்காகக் காத்திருந்தார். அந்தோணி என் கையில் ஒரு பிடி மண்ணைக் கொடுத்தான்.

இப்போது கணுக்கால் வலிக்கிறது. கீழ் மூட்டின் வேலையையும் சேர்த்துச் சுமந்து மேல் மூட்டு தேய்ந்திருக்கிறதாம். எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை. எனக்கு ஆகியிருக்கிறது.

“அதையும் இணைச்சிடலாமா?” என்று டாக்டர் கேட்டார்.

“யோசிச்சிச் சொல்றேன் சார்,” என்று வந்துவிட்டேன்.

முன்பு ஓர் ஊருக்குப் போகவேண்டுமானால் எவ்வளவு தூரம் என்று கேட்பேன். இப்போது தரை எப்படி இருக்கும் என்று கேட்கிறேன். கல்லறைத் திருநாள் மழைக்காலத்தில் வருகிறது. அன்று அந்தோணிதான் ஸ்டெல்லாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிறான். தை கழிந்து ஒருநாள், “வரப்பு காஞ்சிடுச்சி, வாங்க மாமா,” என்று போன் செய்வான். எனக்கு அன்றுதான் கல்லறைத் திருநாள்.