ஒரு வாஷர் மிச்சம்

எங்கள் தெருவில் கிளைவ் ஹெப்வொர்த்தைப் போல ஒழுங்கான மனிதர் கிடையாது. முப்பத்தோரு வருடம் நகரமன்றத்தில் உட்கார்ந்து, ஊரார் கட்ட ஆசைப்பட்ட கொட்டகைகளுக்கெல்லாம் அனுமதி மறுத்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே தன் கராஜில் ஒரு காரைப் பிரித்துப் போட்டார். அதற்கு எவருடைய அனுமதியும் தேவையில்லை என்று விதிப்புத்தகத்தில் மூன்று முறை சரிபார்த்த பிறகுதான்.

அது கடையில் வாங்கிய கார் அல்ல. பெட்டி பெட்டியாகத் துண்டுகளை வரவழைத்து வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வகை. இரண்டு பேர் உட்காரலாம், கூரை கிடையாது, எஞ்சின் மட்டும் ஒரு பழைய எஸ்கார்ட் காரிலிருந்து எடுத்தது. எங்கள் டிரிஃபீல்டு ஊரில் ஐம்பது தாண்டிய ஆண்களுக்கு ரோஜாச் செடி, பந்தயப் புறா, இந்த மாதிரிக் கார் என மூன்று நோய்களில் ஒன்று நிச்சயம் வரும். எதிர்வீட்டு லெஸ்லி அக்ராய்டுக்கு வந்தது மூன்றாவது. எண்பத்தெட்டாம் வருடம் பூட்டிய காரை இரண்டு கோடைகாலம் ஓட்டினார், எஞ்சின் மூச்சை விட்டது, தார்ப்பாய் போட்டு மூடினார். பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார்.

அந்தக் காரைத்தான் அவர் மனைவி மிஸஸ் அக்ராய்டு கிளைவுக்குச் சும்மாவே கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை: ஓடத் தொடங்கியதும் அதில் தன்னை பிரிட்லிங்டன் கடற்கரைக்குக் கூட்டிப்போக வேண்டும். லெஸ்லி கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்து செய்யாமல் விட்ட காரியம் அது.

கிளைவ் நான்கு வருடம் எடுத்துக்கொண்டார். கழற்றிய ஒவ்வொரு திருகையும் காலி ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மேலே சீட்டு ஒட்டினார். மொத்தம் நாற்பத்து மூன்று டப்பாக்கள். அவற்றைக் காலி செய்யும் பொறுப்பையும் அவரே ஏற்றார். கொழுப்பு ஏறிவிட்டது என்று டாக்டர் கண்டித்தபோது, முன்பக்க பிரேக் மட்டும் பாக்கி என்று தவணை கேட்டாராம்.

சனிக்கிழமைதோறும் பதினொரு மணிக்கு, கிளைவின் மனைவி பாலின் தேநீர் கொண்டுவரும் நேரம் பார்த்து, மிஸஸ் அக்ராய்டு சக்கரம் வைத்த நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். எண்பத்து நான்கு வயது.

"இன்னும் உதிரிதானா, கண்ணு?"

நடந்துகொண்டிருக்கிறது என்பார் கிளைவ்.

"நடக்குறதுக்கு என் வண்டி போதுமே. ஓடுறது எப்போ?"

நான்காவது வருட ஈஸ்டர் சமயத்தில் அதே கராஜில் அவருடைய நடைவண்டியின் சக்கரம் ஆடத் தொடங்கியது. கிளைவ் காருக்கு அடியிலிருந்து ஊர்ந்து வந்து, அச்சில் நாலு சுற்றுக் கம்பி சுற்றி, ஒரே நிமிடத்தில் சரிசெய்துவிட்டு மறுபடியும் அடியில் போனார். அந்த வருடம் அதுவரை அவர் முழுதாகச் சரிசெய்து முடித்த ஒரே பழுது அதுதான்.

ஜூனில் செய்தி வந்தது. அபர்டீனில் இருக்கும் மகன் அம்மாவைத் தன்னோடு அழைத்துப்போகிறான். சாமான் வேன் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு. அப்படியானால் கடற்கரைக்கு சனிக்கிழமைதான். கிளைவ் அசுர வேகத்தில் வேலை செய்தார். புதன்கிழமை கார் வருடாந்தரச் சோதனையில் தேறியது. எஞ்சின் தேனீ மாதிரி ரீங்காரமிட்டது. சோதித்தவர் கைகுலுக்கினார்.

வியாழக்கிழமை காலை கராஜைச் சுத்தம் செய்யும்போது, காலியாக இருக்க வேண்டிய ஒரு டப்பாவின் அடியில் ஒரு வாஷர் கிடந்தது. ஐந்து பென்னிக் காசு அகலம். டப்பா மீதிருந்த சீட்டு: 'எஞ்சின், உள்பகுதி'.

கிளைவ் கவிழ்த்த பெட்டி மேல் உட்கார்ந்தார். என்ன ஆயிற்று என்று பாலின் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார். எங்கள் பக்கத்தில் ஒரு ஆண் ஒன்றுமில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பாலினுக்கு அது தெரியும். ஆனால் தெரிந்ததாகக் காட்டிக்கொள்வது நாகரிகமில்லை.

அவர் கண்முன் படம் ஓடியது. பாதிவழியில் மேடு, பின்னால் லாரி. உள்ளே வாஷர் இல்லாத போல்ட் மெல்ல மெல்லக் கழன்று, எண்ணெய் நின்று, எஞ்சின் இறுகி, பக்கத்தில் எண்பத்து நான்கு வயது. வாஷரை நாக்கில் வைத்துப் பார்த்தார். எண்ணெய் ருசிதான். கராஜில் அவர் சாண்ட்விச் உட்பட எல்லாமே அந்த ருசிதான்.

மதியம் எஞ்சினை வெளியே தூக்கினார்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் எல்லாம் மேஜையில் பரந்து கிடந்தது. கையேட்டின் படத்தோடு ஒவ்வொரு போல்ட்டையும் ஒப்பிட்டார். எல்லா வாஷரும் அதனதன் இடத்தில் இருந்தன. சாதாரண மனிதன் துள்ளிக் குதித்திருப்பான். கிளைவ் கையேட்டின் அடுத்த அத்தியாயத்தைப் புரட்டினார். எஞ்சினில் குறைவில்லை என்றால் இது எங்கிருந்து வந்தது? கியர்பெட்டியா? ஸ்டியரிங்கா? அந்த இரண்டில் எது தேவலை என்று யோசித்து அவருக்கு வியர்த்தது.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மிஸஸ் அக்ராய்டு வந்தார். நீலத் தொப்பி, அதன் மேலே கட்டிய ஸ்கார்ஃப், பிளாஸ்க், முட்டை சாண்ட்விச். மேஜையைப் பார்த்தார். காரின் முன்பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்தார். பிளாஸ்கை மேஜை ஓரத்தில் வைத்தார்.

கிளைவ் உள்ளங்கையை நீட்டினார். "இது மிச்சமாயிடுச்சு, மிஸஸ் அக்ராய்டு. எங்கேருந்துன்னு தெரியல. உங்களை வச்சு நான் ஓட்ட முடியாது."

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "இது என்னோடதுப்பா."

"என்னது?"

"என் வண்டிச் சக்கரத்தோடது. ஈஸ்டருக்குக் காணாமப் போச்சே. அதுக்குத்தானே நீ கம்பி சுத்துனே?"

"சொல்லியிருக்கலாமே!"

"நீ காருக்கு அடியில கிடந்தே. எதுக்குத் தொந்தரவுன்னு விட்டுட்டேன்."

தேநீர்த் தட்டோடு நின்ற பாலினின் முகம் சிவந்தது. அந்த ஈஸ்டர் சமயத்தில் பெருக்கும்போது தரையில் அது கிடந்ததாம். கேட்கலாமா என்று நினைத்து, கிளைவின் கவனத்தைக் கலைக்க வேண்டாம் என்று கைக்கெட்டிய டப்பாவில் போட்டாராம். இப்படியாக மூன்று நாகரிகமான மனிதர்கள் சேர்ந்து, ஒரு வார்த்தை பேசாமல், ஒரு நல்ல எஞ்சினை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்திருந்தார்கள்.

கிளைவ் குனிந்து கம்பியை அறுத்து, வாஷரை நடைவண்டியில் பூட்டினார். சரியாகப் பொருந்தியது. அவருக்கு அழுகை வரும்போல இருந்தது.

மிஸஸ் அக்ராய்டு தொப்பியைக் கழற்றினார். "வேன் திங்கக்கிழமைதான வருது? அந்தத் துணிய இப்படிக் குடு. லெஸ்லி பூட்டினப்போ போல்ட் தொடச்சுக் குடுத்தது யாருன்னு நினைச்சே?"

அன்றும் மறுநாளும் அவர் துடைத்துக் கொடுக்க, கிளைவ் பூட்டினார். ஞாயிறு மாலை நான்கரைக்கு எஞ்சின் உயிர்பெற்றது. புறப்பட்டார்கள். பாதிவழியில் மழை. கூரையில்லாத காரில் குடை பிடித்தபடி மிஸஸ் அக்ராய்டு உட்கார்ந்திருக்க, ஒவ்வொரு சத்தத்துக்கும் கிளைவ் மூச்சை நிறுத்தினார்.

"கார் ஒழுங்காத்தான் போகுது. உன் பல்லுதான் கடகடங்குது."

கடலைப் பதினோரு நிமிடம் பார்த்தார்கள். நனைந்த சிப்ஸ் சாப்பிட்டார்கள். திரும்பி வந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை.

மூன்று வாரம் கழித்து அபர்டீனிலிருந்து ஒரு கனமான உறை வந்தது. உள்ளே கடிதம்:

"கிளைவ், ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் எல்லாம் பூட்டி முடிச்சதும் உன் மேஜைல இது ஒண்ணு மிச்சம் இருந்துச்சு. சொன்னா மறுபடியும் பிரிப்பே, நான் கடலைப் பாக்க முடியாது. அதான் கைப்பைல போட்டுக்கிட்டேன். நல்லாத்தானே ஓடுச்சு?"

கூடவே ஒரு வாஷர்.

அதற்குள் கார் நூற்றறுபது மைல் ஓடியிருந்தது, முனகல்கூட இல்லாமல். கிளைவ் உடனே தொலைபேசியில் அழைத்தார். நலம் விசாரிக்கவில்லை. வானிலையைக்கூட விசாரிக்கவில்லை. எங்கள் ஊரில் இது கிட்டத்தட்ட வன்முறை. நடைவண்டியின் இரண்டு சக்கரமும் உறுதியாக இருக்கின்றனவா, ஆட்டிப் பாருங்கள் என்று கெஞ்சினார்.

மறுமுனையில் ஆட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ரெண்டும் கல்லு மாதிரி இருக்குப்பா. இது உன்னோடதுதான்."

அன்று மதியம் கராஜ் கதவு திறந்தது. ஸ்பானர் சத்தம் கேட்கத் தொடங்கியதும், பாலின் ஒன்றும் கேட்காமல் பையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். திரும்பும்போது பையில் இரண்டு பெரிய டப்பா ஐஸ்கிரீம் இருந்தது.